மூன்றாம் நாள் அவள் மரியாதையாகப் பேசினாள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். கதவைத் திறந்து இறக்கி விட்டதும், "இது நிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. போன மாதமே கதவு உருளையில் ஒரு கரகரப்பு இருந்தது. ஆனால் அதே கரகரப்போடு வருஷக்கணக்கில் ஓடுகிற லிஃப்டுகளும் என் பராமரிப்பில் இருக்கின்றன. "பாத்துக்கறேன் சார்" என்றேன்.

மத்தியானம் மருத்துவமனையிலிருந்து போன். அடுத்த புதன்கிழமை என் மனைவிக்கு ஆபரேஷன். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் கசிகிறது. நெஞ்சைத் திறந்து அதைத் தைத்துச் சரிசெய்ய வேண்டும்.

"புதன்கிழமையா? அன்னிக்கு என் பசங்க ரெண்டு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கே" என்றாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பதற்கு மட்டும் மூச்சு வேண்டாமாம்.

சரி என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

நாள் முழுக்கப் பரிசோதனை. ரத்தம், எக்ஸ்ரே, பல்கூடப் பார்த்தார்கள். இதயத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பல்லில் இருக்கும் கிருமி வால்வில் போய் உட்காருமாம். எல்லாமே எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது.

கடைசியாக ஒரு பெண் டாக்டர் வந்தார். கோட்டுப் பையில் ஜெல் பாட்டிலை வைத்துக் கையால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டே பேசினார். ஆனாலும் ஜில்லென்றுதான் இருந்தது. இவள் உடனே 'ஜெல் டாக்டர்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

இதய ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்கு மனக்குழப்பம் வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே ஸ்கேன் வைத்துச் சொல்ல முடியுமா என்பது அவருடைய ஆராய்ச்சி. சம்மதமா என்று கேட்டார். கையெழுத்துப் போடும் தாளில் 'சித்தப்பிரமை' என்று அச்சடித்திருந்தது. அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன்.

"பைத்தியம் இல்ல சார். மறதி நோயும் இல்ல. வந்துட்டுப் போற ஒரு குழப்பம். தாளை மொழிபெயர்த்தவர் கொஞ்சம் பழைய ஆள்" என்றார்.

மூடிய இமைமேல் ஜெல் தடவி, கருவியை மெதுவாக வைத்தார். கண்ணுக்குப் பின்னால் போகிற நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம். மூளைக்குள் அழுத்தம் கூடினால் அது உப்பும். அதன் அகலத்தை அளந்தார். அடுத்து கழுத்து. அடுத்து வலது விலாவுக்குக் கீழே, கல்லீரல்.

"மூளையத் தேடிட்டு வந்து வயித்துல நிக்கறீங்களே டாக்டர், வழி தெரியுமா?" என்றாள் இவள்.

டாக்டர் சிரித்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தம் வாய்க்கால் தண்ணீர்போல ஒரே சீராக ஓட வேண்டும். இதயம் திணறினால் ரத்தம் பின்னால் தேங்கி, அங்கே அலை அலையாகத் தெரியும். அப்படித் தேங்கியவர்களுக்கு மூளையும் சேர்ந்து திணறுகிறது என்று அவர் நினைக்கிறார். நினைக்கிறார் என்றுதான் சொன்னார்.

"முடிவ என்கிட்ட சொல்லாதீங்க. வண்டி எடுக்கறப்ப விபத்தப் பத்திப் பேசக்கூடாது. இவன்கிட்ட சொல்லுங்க. கவலைப்படறது இவனோட டிபார்ட்மென்ட்." 

பாலிடெக்னிக்கில் ஒரே வகுப்பில் படித்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து இன்றுவரை வாடா போடாதான். யார் முன்னாலும் மாற்றிக்கொண்டதில்லை.

வராந்தாவில் டாக்டர் என்னிடம் சொன்னார். "வாய்ப்பு கூட இருக்கற பக்கம்தான் இருக்காங்க."

"அப்படின்னா வருமா?"

"வரலாம்."

"வராமலும் போகலாமா?"

"போகலாம்."

"அப்ப இத அளந்து என்ன டாக்டர் பிரயோஜனம்?"

கோபப்படவில்லை. "அதத்தான் நாங்களும் பாக்கறோம்" என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். "சிலர் கத்துவாங்க, குழாயப் பிடுங்குவாங்க. அது ஊருக்கே தெரிஞ்சிடும். சிலர் அப்படியே அடங்கிடுவாங்க. அவங்களத்தான் நாங்க கோட்டை விட்டுடறோம். அவங்க வழக்கமா எப்படி இருப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்."

தெரியுமா எனக்கு?

மார்ச் 9, ஞாயிறு

மகள் வந்துவிட்டாள். அலுவலகத்தில் ஒரு மாதம் விடுப்பு. வந்ததும் அம்மாவும் பெண்ணும் அலமாரியைக் கலைத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். "அந்த ஸ்கேன்ல என்னப்பா சொன்னாங்க?" என்று தனியாகக் கேட்டாள். சொன்னேன். "அம்மாகிட்ட சொல்லணும்ப்பா." வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாளே. "அவங்க வேண்டாம்னா உடனே விட்டுடுவியா?" ஆமாம், இவ்வளவு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

சொன்னால் பயப்படுவாளோ. சொல்லாவிட்டால் துரோகமோ. ஒரு பக்கமும் முடிவுக்கு வர முடியவில்லை. சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

உள்ளே கொண்டுபோனார்கள். டிராலியில் படுத்தபடி, தள்ளிக்கொண்டு போனவரிடம், "திருப்பத்துல கொஞ்சம் மெதுவா" என்றாள்.

சாயங்காலம் சர்ஜன் வெளியே வந்தார். வால்வைத் தைத்தாயிற்று, மாற்ற வேண்டியிருக்கவில்லை. மகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.

மார்ச் 13, வியாழன்

தொண்டைக் குழாயை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். குரல் உடைந்திருந்தது. "டெஸ்ட் என்னாச்சு?" ஆபரேஷனைக் கேட்கிறாள் என்று நினைத்து, நல்லபடியா முடிஞ்சுது என்றேன். "உன்ன யாருடா கேட்டா? பசங்க டெஸ்ட்."

இரண்டு பேரும் பாஸ். ஜெல் டாக்டரின் முடிவு பொய்த்துப்போனது என்று தோன்றியது. மனசு இறகாகிவிட்டது.

மார்ச் 15, சனி

இன்று ஐசியுவுக்குள் போனதும் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். "வாங்க. உக்காருங்க. ரொம்ப நேரமா நிக்கறீங்களா?" என்றாள்.

வாங்களா? கிண்டல் செய்கிறாள் என்று நானும், "உத்தரவு மேடம்" என்றேன். சிரிக்கவில்லை. கையை மடியில் கட்டிக்கொண்டு இருந்தாள். தண்ணீர் கொடுத்தேன். "ரொம்ப நன்றிங்க" என்றாள். நர்ஸ் ஊசி போட்டார், அவருக்கும் நன்றி. சூப் வந்தது, சொன்னவுடன் குடித்தாள். இவளா? உப்பு கூட என்றோ, காரம் கம்மி என்றோ ஒரு சொல் இல்லாமலா?

அவளுடைய அண்ணன், என் மச்சான், பார்க்க வந்திருந்தார். அவருக்கும் வாங்க, நன்றி, சரிங்க. வெளியே வந்ததும் என் முதுகில் தட்டி, "மாப்ள, வால்வோட சேத்து வாயையும் தைச்சுட்டாங்க போல. உனக்கு யோகம்தான்" என்றார். சிரித்தேன்.

எழுதிவிடுகிறேன், இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்குப் பிடித்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என்னை உட்காரச் சொல்லி, நின்றீர்களா என்று கேட்டிருக்கிறாள். வலியில் இளகிவிட்டாள், சாவைப் பார்த்து வந்தவர்களுக்கு இப்படி ஆகும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். வீடு வரும்வரை ஒரு மாதிரி மிதந்துகொண்டே வந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் 'நீங்க'.

மகள் போய், "அம்மா, நாளைக்கு உன் தலைய வாரி விடட்டுமா?" என்றாள். "உங்க இஷ்டங்க" என்று பதில். மகளைப் பார்த்து. பெற்ற மகளைப் பார்த்து.

ஜெல் டாக்டர் வராந்தாவில் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது.

நர்ஸிடம் போனேன். நல்ல மனுஷி, ராவும் பகலுமாக நிற்கிறவர். "காலையில சோதிச்சுப் பாத்தேன் சார். பேரு, வயசு, எந்த இடம், எல்லாம் கரெக்டா சொன்னாங்க. இந்த வார்டுலயே அவங்கதான் தங்கமான பேஷன்ட்."

"அதாங்க பிரச்சினை" என்றேன். "அவ தங்கமான ஆளே இல்ல."

நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எப்படி விளக்குவது? என் மனைவி எனக்கு மரியாதை கொடுக்கிறாள், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றா? அப்படியேதான் சொன்னேன். வார்த்தை தடுமாறியது. மகள்தான், "எங்கம்மா எங்கப்பாவ நீங்கன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல சிஸ்டர்" என்று சேர்ந்துகொண்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை. போனை எடுத்தார்.

ஜெல் டாக்டர் வந்தார். இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் வரிசையா எழுத்து சொல்லுவேன். 'க'ன்னு சொல்றப்ப மட்டும் கைய அழுத்துங்க" என்றார். ம, க, ல, ப, க... எல்லா எழுத்துக்கும் அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் சரிதானே என்பதுபோல டாக்டர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விலாவுக்குக் கீழே ஸ்கேன் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் சின்னச் சின்னதாக நெளிந்துகொண்டிருந்த ரத்தம் இன்று திரையில் அலையாக மேலே ஏறி, கீழே அடிக்கோடு வரை விழுந்து, மறுபடி ஏறியது. எனக்கே தெரிந்தது. "உடம்புல தண்ணி சேந்திருக்கு. பின்னாடி தேங்குது" என்றார். ஐசியு பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். நீர் பிரிய மருந்தைக் கூட்டினார்கள், தூக்க மருந்தை நிறுத்தினார்கள். கட்டிலை ஜன்னலோரம் மாற்றினார்கள். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டி விட்டார்கள், அது இவ்வளவு நாளும் ஒரு கவரில் இருந்திருக்கிறது. வீட்டு ஆட்கள் யாராவது கூடவே இருக்கலாம் என்றார்கள்.

நேற்றே சொல்லியிருக்க வேண்டும். நேற்று நான் மிதந்துகொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

மகள் பக்கத்தில் குனிந்தபோது இவள் கிசுகிசுத்தாளாம்: "வண்டி நம்பரக் குறிச்சுக்கங்க. யார்கிட்டயாவது குடுங்க." என்ன வண்டி என்று கேட்டால், என் பக்கம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாளாம்.

மகள் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன வண்டி? ஏன் என்னைப் பார்த்தாள்?

மார்ச் 18, செவ்வாய்

மாறவில்லை. திரையில் அலை கொஞ்சம் தணிந்திருக்கிறதாம். அலை தணிந்தால் ஆள் திரும்பி வருவாளா என்று கேட்டேன். "வரணும்" என்றார் ஜெல் டாக்டர். 'வருவாங்க' என்று ஏன் சொல்ல மாட்டேன் என்கிறார்?

மார்ச் 20, வியாழன்

ஜன்னல் வழியே வெயில் அவள் கால்மேல் விழுந்திருந்தது. நான் உள்ளே போனேன். வெகுநேரம் என்னைப் பார்த்தாள். "ஏன்டா ஷேவ் பண்ணல? பிச்சைக்காரன் மாதிரி இருக்க."

கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

மார்ச் 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்சியின் பின் சீட்டில் ஏற மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டாள். முன்னால் உட்காரக் கூடாது, பெல்ட் நெஞ்சை அழுத்தும் என்று எல்லோரும் சொன்னோம். வேர்த்துக் கொட்டியது அவளுக்கு. கடைசியில் மருத்துவமனை வேனில், ஜன்னலோரம், மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அசதி என்று நினைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

எல்லாம் சரியாக இருக்கிறது. ஏதோ சரியாக இல்லை.

திட்டுகிறாள், சிரிக்கிறாள், போனில் பயிற்சிப் பள்ளிக்காரர்களை விரட்டுகிறாள். கிளட்ச் போன காரை ஏன் இன்னும் பணிமனைக்கு அனுப்பவில்லை என்று நேற்று ஒரு மணி நேரம். ஆனால் நான் பின்பக்கமாக அறைக்குள் வந்தால் தோள் விறைக்கிறது. நான் கொடுக்கும் மாத்திரையை மகளிடம் காட்டிவிட்டு விழுங்குகிறாள். பகலில் மகள் வீட்டில் இருந்தால் மட்டும் தூங்குகிறாள். மகள் கடைக்குப் போயிருந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் சொருகச் சொருக விழித்துக்கொண்டிருந்தாள். "படுத்துக்கோயேன்" என்றேன். "தூக்கம் வரல" என்றாள்.

எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதா? எதைப் பார்த்தாலும் அர்த்தம் தேடுகிறேனா?

ஏப்ரல் 3, வியாழன்

நாளை மறுநாள் மகளுக்கு ரயில். மத்தியானம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள் அவள் கையைப் பிடித்து, "இன்னும் ஒரு வாரம் இரு" என்றாள். "அப்பா இருக்காரேம்மா" என்றாள் மகள். இவள் பிடித்த கையை விடவில்லை. அதை மகளும் கவனித்தாள், நானும் கவனித்தேன்.

மகள் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் எதிரே உட்கார்ந்தேன்.

"நான் என்ன பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல."

"பின்ன ஏன் என்னைக் கண்டா ஒதுங்கற?"

"சொன்னா நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. அது நடக்கலன்னு எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும்."

சொன்னாள். அவள் சொன்னபடியே எழுத முயல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலில் இல்லையாம். ஒரு காரின் பின் சீட்டில் இருந்தாளாம். ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. கியர் கரகரக்கிறது, வளைவில் வண்டி சாய்கிறது. கால் வைத்துத் தேடுகிறாள், அவள் பக்கம் பிரேக் இல்லை. முன்சீட்டில், ஓட்டுகிறவன் பக்கத்தில், நான்.

"உன் பிடரி தெரிஞ்சுது. கூப்பிட்டேன். நீ திரும்பல. அவனுக்கு வழி சொல்லிட்டிருந்த. என்னை எங்கயோ விடப் போறீங்க. உனக்கு அது தெரியும். உனக்குச் சம்மதம்."

"நான்..."

"இரு. நடக்கலன்னு சொல்லிட்டேன்ல. அப்பறம் நீ திரும்பின, தண்ணி குடுத்த. நான் நினைச்சேன், பணிவா இருந்தா மனசு இளகி எறக்கி விட்டுடுவீங்கன்னு. வாங்க, உக்காருங்க, நன்றிங்கன்னு. என்ன குடுத்தாலும் குடிச்சேன். சிரிச்சேன். எப்பவாவது ஒரு சிக்னல்ல வண்டி நிக்கும்னு பாத்துட்டே இருந்தேன்."



அந்த 'வாங்க'. அந்த 'உக்காருங்க'. நான் வீடுவரை மிதந்துகொண்டு வந்தேனே. அவள் உயிருக்குக் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம்.

"நடக்கலன்னு மண்டைக்குத் தெரியுதுடா. உடம்புக்குத் தெரியல. நீ பின்னாடி வந்து நின்னா கால் தானா பிரேக்கத் தேடுது. நான் என்ன பண்ணட்டும்?"

மகள் ரயிலை மாற்றிப் போட்டுவிட்டாள்.

ஏப்ரல் 5, சனி

செய்யாத தப்புக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டால் செய்ததாக ஆகாதா? கேட்காவிட்டால்?

ஏப்ரல் 9, புதன்

இன்று வேலையில் ஒரு ஸ்க்ரூவை மூன்று தடவை தப்பாக மாட்டினேன். கூட இருந்த ஆள், "அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றார். எந்த வீட்டுக்கு? அங்கே நான் நுழைந்தால் ஒருத்தி விழித்துக்கொண்டு உட்கார்கிறாள்.

அவள்மேல் கோபம் வருகிறது. வந்த உடனே வெட்கமாகவும் இருக்கிறது. அந்தக் காரில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவன்மேல் கோபப்படலாம் என்றால், அவன் இல்லவே இல்லை. அவன் முகம் என் முகம்.

ஏப்ரல் 16, புதன்

ஜெல் டாக்டரிடம் மறுபரிசோதனை. பஸ்ஸில் போனோம். பஸ் அவளுக்குப் பரவாயில்லை, சுற்றி ஆள் இருக்கிறார்கள், கதவு திறந்து மூடுகிறது. மகளை நடுவில் விட்டு நாங்கள் இரண்டு பக்கமும்.

ஸ்கேன் முடிந்து ஜெல்லைத் துடைக்கும்போது இவளே அந்தக் காரைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், "நிறையப் பேருக்கு இப்படித்தான் நிக்குது. வெளிய சொல்ல மாட்டாங்க. கூட இருந்தவங்களத்தான் அதுல வில்லனா பாத்திருப்பாங்க, ஏன்னா அந்த முகந்தான பக்கத்துல இருந்துச்சு" என்றார்.

பிறகு பழைய படங்களை எடுத்துக் காட்டினார். மார்ச் ஏழு. பதினாறு. இன்று. நடுவில் இருந்த படத்தில் அலை ஏறி விழுந்து அடிக்கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இவள் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"இந்தா, இந்த நேரத்துலதான் நான் கார்ல இருந்தேனா?"

"இருந்திருப்பீங்க."

"முதல் படத்துலயே கொஞ்சம் நெளியுதே. அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான், "எனக்கும் தெரியும்" என்றேன். "வாய்ப்பு கூடன்னு சொன்னாங்க. நீ சொல்ல வேண்டாம்னதால சொல்லல."

வெடிப்பாள் என்று நினைத்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "தெரிஞ்சிருந்தா அந்தக் கார்ல உக்காந்திருக்கறப்பவாவது ஒரு சந்தேகம் வந்திருக்குமோ என்னவோ" என்றாள்.

"வந்திருக்குமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"தெரியல சார். உங்க பக்கத்துக் கட்டில்ல ஒருத்தர் இருந்தாரே, அவருக்கு அலை இதவிடப் பெருசு. அவர் ஒரு நிமிஷம்கூடக் குழம்பல. பேப்பர் படிச்சிட்டிருந்தார். ஏன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா உங்களுக்குத்தான் முதல்ல சொல்வேன்."

நான் ஒருவன்தான் குழம்பிப் போயிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவரும்தான். ஏனோ அது ஆறுதலாக இருந்தது.

ஏப்ரல் 19, சனி

மகள் கிளம்பினாள். வாசலில் என் காதில், "அவங்ககிட்ட விளக்கம் சொல்லாதப்பா. கேக்கறதுக்குப் பதில் மட்டும் சொல்லு" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவள் கேட்க ஆரம்பித்துவிட்டாள். விபத்து நடந்தபின் போலீஸ் விசாரிக்கிற மாதிரி.

"ஆஸ்பத்திரியில, அந்தச் சனிக்கிழமை நீ எங்க நின்ன?"

"கட்டிலுக்கு இடது பக்கம்."

"என்ன சட்டை?"

"சாம்பல் கலர்."

"கார்ல நீலம்." கொஞ்சம் யோசித்தாள். "யார்கிட்ட வழி சொல்லிட்டிருந்த?"

நானும் யோசித்தேன். "உங்கண்ணனுக்கு. கேன்டீன் எங்க இருக்குன்னு கேட்டார். நேரா போய் வலது பக்கம் திரும்புங்கன்னு சொன்னேன்."

அவள் முகம் எப்படியோ ஆயிற்று. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "நேரா போய் வலது பக்கம். ஆமா. அதான் கேட்டுச்சு எனக்கு."

பிறகு, "நான் நீங்கன்னு சொன்னப்ப உனக்கு எப்படிடா இருந்துச்சு?" என்றாள்.

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. "மொத நாள் நல்லா இருந்துச்சு" என்றேன். "அடுத்த நாள் பயந்துட்டேன்."

தலையை ஆட்டினாள். எழுந்து போய் இரண்டு பேருக்கும் டீ போட்டாள். என் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்க நாற்காலிக்குப் போனாள். எதிர்ப்பக்கம்தான். ஆனால் அதே மேஜை.

மே 6, செவ்வாய்

சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் இல்லை. நேற்று நான் தும்மியதற்குக் கால் உதறியது. "மன்னிச்சுக்கோ" என்றாள். அவள் என்னிடம். "எதுக்கு?" என்றேன். "எதுக்குன்னு எனக்கும் தெரியல" என்றாள்.

மே 16, வெள்ளி

ஜெல் டாக்டர் போன் செய்தார். ஓர் அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷனாம், ஸ்கேனில் வாய்ப்பு கூட என்று வந்திருக்கிறது. அந்த அம்மா எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாராம். டாக்டர் சொன்னது புரியவில்லை, பட்டவர் யாராவது சொன்னால் தேவலை என்கிறாராம். இவள் வருவாளா?

"வர்றேன்" என்றாள் இவள். பிறகு என்னிடம், "நீயும் வா" என்றாள்.

மே 20, செவ்வாய்

அந்த அம்மா ஒரு பூக்கடைக்காரர். கை விரல்களில் பச்சைக் கறை. வீட்டுக்காரர் பக்கத்தில் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பத்து வாரத்துக்கு முன் என்னையே பார்ப்பது போலிருந்தது.

இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அலை, உறை, ஸ்கேன் எதையும் பேசவில்லை.

"வரலாம், வராமலும் போகலாம். வந்தா, வந்தது உங்களுக்குத் தெரியாது. எல்லாம் நிஜமா இருக்கும். நான் கார்ல கடத்திட்டுப் போறாங்கன்னு நினைச்சேன். இவன்தான் கடத்தறான்னு நினைச்சேன்." கட்டைவிரலால் என்னைக் காட்டினாள். "பக்கத்துல இருக்கறவங்கதான் எதிரியாத் தெரிவாங்க. அப்ப அவங்கள நம்புங்கன்னு சொன்னா உங்களால முடியாது. அதனால இப்பவே ஒண்ணு முடிவு பண்ணிக்கங்க. என்ன பயமா இருந்தாலும் வாயத் திறந்து சொல்லிடறது. சிரிச்சு மழுப்பாதீங்க. நான் சிரிச்சேன். அதனாலதான் ஒருநாள் தாமதமாச்சு."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "பேசறது நான் இல்லன்னு இவனுக்குத் தெரிஞ்சுது. என் கட்டில்கிட்ட, அங்கதான் நின்னான்" என்றாள்.

அங்கேதான் நின்றேன். அதை அவள் வாயால் கேட்டதும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பூக்கடைக்காரம்மாவின் பச்சை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டுதான் கிடைத்தது. நடுவில் ஆள் இல்லை. ஜன்னலோரம் அவள். கொஞ்ச தூரம் எதிரே போன ஸ்கூட்டர்காரனைத் திட்டிக்கொண்டு வந்தாள். பிறகு பேச்சு நின்றது. பார்த்தால், தலை என் தோளில். வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிவிட்டாள்.

அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கை மரத்துப்போயிற்று. எழுப்புவதா, வேண்டாமா? திடீரென்று விழித்துப் பார்த்து எங்கே போகிறோம் என்று மிரண்டால்? ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டால் அதைவிட மோசம். மெதுவாக அவள் கையைத் தொட்டு, "மருந்துக்கடைகிட்ட வந்துட்டோம். அடுத்தது நம்ம ஸ்டாப்" என்றேன்.

கண்ணைத் திறந்து வெளியே பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"இன்னும் சிக்னல் இருக்கு, பாலம் இருக்கு. அதுக்குள்ள எதுக்குடா எழுப்பற?" என்றாள். மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.